தேயாத முழங்கால்

கால் கிடைத்த அன்று அதைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். துணுக்காயில் கால் செய்து கொடுக்கிற பட்டறையிலிருந்து என் மனுசனின் சைக்கிள் கரியரில் வந்தாலும், எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை தொடங்குகிற இடத்தில் இறங்கிவிட்டேன். மிச்சத் தூரத்தை நடந்தேன். சனம் பார்க்கட்டும் என்றுதான் நடந்தேன். பார்த்தது. வீட்டுக்குள் வந்ததும் வார்களை அவிழ்த்து, காலைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, பழைய வேட்டித் துண்டு ஒன்றில் சுற்றி, அலுமாரிக்குள் சீலைகளோடு வைத்துப் பூட்டினேன்.

பிறகு தடியை எடுத்து, ஒற்றைக்காலில் கெந்திக் கெந்திக் குசினிக்குப் போய் உலை வைத்தேன்.

இப்போது வாசிக்கிற ஆட்களுக்கு இது விசர் வேலையாகத் தெரியும். அந்த நாளையில் சண்டையும் சாமான் தடையுமாக, வன்னிக்குள் ஒன்றும் இலேசில் வராது. சவர்க்காரக் கட்டியை நாலாக வெட்டி, ஒரு துண்டு முடிந்தபிறகுதான் மற்றதைத் தொடுவோம். பற்றறியை வெயிலில் காயவைத்துத் திரும்பவும் றேடியோவுக்குள் போடுவோம். சைக்கிள் ரியூபில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. நல்லதாக ஒரு சாமான் கையில் கிடைத்தால் அதைப் பாவிக்காமல் வைத்திருக்கிறதுதான் கெட்டித்தனம் என்று நாங்கள் எல்லோரும் பழகிப்போனோம். அப்படி இருக்கையில், அலுமினியத் தகடும் இரும்பும் றப்பரும் போட்டு, எனக்கென்று அளவெடுத்துச் செய்த காலை அடுப்படியிலும் சேற்றிலும் போட்டுத் தேய்க்கிறதோ? கோயிலுக்கு, கலியாண வீட்டுக்கு, செத்த வீட்டுக்கு, மாதம் ஒருக்கால் பட்டறையில் போய்க் காட்டுகிற நாளுக்கு. அவ்வளவுதான்.

என் இடக்கால் விறகுக்குப் போன இடத்தில் மிதிவெடியில் போனது. முழங்காலும் போய், தொடையில் ஒரு சாண் மிஞ்சியது. அதைப்பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படிப் போன கால்கள் கனக்க, எண்ணி முடியாது.

எனக்குக் கால் போனதைவிட நிரை போனதுதான் பெரிய கவலை. அது என்ன நிரை என்று சொல்ல வேண்டும். நாங்கள் யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கத்து ஆட்கள். வவுனிக்குளத்துத் தண்ணியை நம்பிக் காணி எடுத்து வந்தவர்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்து வைப்பேன். ஆனால் வயலில் நெல்லையும், நெல்லைப்போலவே இலை வைத்துக்கொண்டு நிற்கிற களையையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லுவேன். களைக்கு அடிக்கிற மருந்தும் அந்தக் காலத்தில் வராது. எல்லாம் கையால் பிடுங்கிறதுதான். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக வயலுக்குள் இறங்குவோம். வரம்போரத்து நிரை என்னுடையது. அந்த நிரையில் நிற்கிறவள் எந்த வேகத்தில் போகிறாளோ அந்த வேகத்தில்தான் மற்றவர்கள் போவார்கள். அவள் நிமிர்ந்தால்தான் தேத்தண்ணி. பதினெட்டு வருசம் நான் நிமிர்ந்தால்தான் தேத்தண்ணி.

கால் போனபிறகு இரண்டு போகம் நான் வரம்பில் குந்தியிருந்து அந்தத் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன். என்னுடைய நிரையை என் சிநேகிதி பிடித்தாள். மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் வாய்க்காலின் கடைசியில் குடியிருந்தவள். தேயிலை கிள்ளிப் பழகின விரல். வேலையில் குறை சொல்ல ஏலாது. வாயிலும் குறை சொல்ல ஏலாது.

"என்னாக்கா, தேத்தண்ணியில சீனியக் காணோம்?" என்பாள்.

"சீனி கப்பலிலை வருகுது. பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடி."

"எங்க அக்கா நிரையில நின்னா வாய் பேசாது. வரம்புல ஒக்காந்தா வாய் தான் வேல செய்யுது."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து காலைப் பார்ப்பேன். அடுத்த போகத்துக்கு நிரையில் இறங்குகிறபோது இதைப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும், அதுவரைக்கும் பழுதாகாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துத் திரும்பவும் பூட்டுவேன்.

பட்டறையில் முழங்கால் வேலை செய்தவர் நாற்பது வயது மட்டிலான ஒரு தம்பி. முன்பு யாழ்ப்பாணத்தில் உழவு இயந்திரம் திருத்தினவர். அவருக்கும் ஒரு கால் இல்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழேதான் இல்லை. அவர் செய்த மூட்டில் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, நடுவில் ஒரு ஆணி, இரும்பும் இரும்பும் முட்டுகிற இடத்தில் லொறி ரயரில் வெட்டின ஒரு றப்பர் வட்டம். அந்த வட்டத்துக்கு அவர் வைத்த பெயர் குருத்து.

"எலும்புக்கு நடுவிலை குருத்து இருக்கிற மாதிரி இரும்புக்கும் ஒண்டு வேணும் அம்மா. இல்லாட்டி இரும்பு இரும்பைத் தின்னும்" என்று சொல்லுவார்.

அந்தக் குருத்தைத்தான் அவர் இரவு பகலாக நினைத்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து வருகிற மூட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கேயே செய்து, அது தேயாமல் நின்றுவிட்டால், காத்திருக்கிற அத்தனை பேருக்கும் கால் கொடுக்கலாம். அதனால் மாதம் ஒருக்கால் எங்களை வரச்சொல்லி, ஆணியைக் கழற்றி, றப்பரை வெளியில் எடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்ப்பார். அளந்து கொப்பியில் எழுதுவார்.

"அம்மா, ஒவ்வொரு நாளும் போடுறியளோ?"

"ஓம் தம்பி."

"வயல், வீடு, எல்லா இடத்துக்கும்?"

"ஓம், ஓம்."

"பாருங்கோ, மயிரிழைகூடத் தேயேல்லை!"

வாங்குப் பலகையில் என்னோடு வரிசையாக இருந்த மற்றப் பெண்களும் அதே ஓம் தான் சொன்னார்கள். நான் எங்கே பார்த்தேனோ அங்கேதான் அவர்களும் பார்த்தார்கள். வேறு எங்கே, நிலத்தைத்தான். அவ்வளவு பாடுபட்டுச் செய்து தந்த மனுசனிடம் நாங்கள் அதைச் சுற்றி வைத்திருக்கிறோம் என்று எப்படிச் சொல்லுகிறது? போடாவிட்டால் திருப்பி வாங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. அதோடு, அவர் என் றப்பரைத் தூக்கிப் பிடித்து, "இந்த அம்மாவின்ரையைப் பாருங்கோ, நேற்று வெட்டினது மாதிரி" என்று எல்லோருக்கும் காட்டுகிறபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. உள்ளதைச் சொல்ல வேணும்.

அந்த வருசம் ஆவணியில் என்னுடைய வலது முழங்கால் வீங்கியது. நல்ல கால். பிறந்த கால். விடிய எழும்பி ஊன்றினால் உள்ளே மண் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். எண்ணெய் பூசினேன், நொச்சி இலை அவித்து ஒத்தடம் பிடித்தேன், அடங்கவில்லை. மனுசன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

டொக்டர் முழங்காலைப் பிடித்து மடித்து நீட்டிப் பார்த்தார். அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டது.

"அம்மா, இதுக்குள்ளை ரெண்டு எலும்புக்கும் நடுவிலை ஒரு குருத்து இருக்கு. இளநீருக்குள்ளை வழுக்கல் இருக்கெல்லோ, அது மாதிரி. உங்களுக்கு அது தேய்ஞ்சுகொண்டு போகுது."

"திரும்ப வளராதோ?"

"வளராது. வெளிநாட்டிலை கொம்பனியள் அதுக்குப் பதிலா ஏதோ செய்து மூட்டுக்குள்ளை வைச்சுப் பாக்கினமாம். நானே புத்தகத்திலைதான் வாசிச்சனான். இஞ்சை என்னட்டை இருக்கிறது நோவுக்குப் போடுற குளிசைதான்." பிறகு என்னுடைய தடியைப் பார்த்தார். "உங்களுக்குச் செய்த கால் தந்தவையெல்லோ? எங்கை அது?"

"வீட்டிலை."

"வீட்டிலை எங்கை?"

"அலுமாரிக்குள்ளை."

"அலுமாரியோ நடக்கிறது?"

மனுசன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் வெளியே போய் சைக்கிளுக்குக் காற்றுப் பார்த்தார்.

டொக்டர் சிரிக்கவில்லை. "ரெண்டு காலிலை போகவேண்டிய பாரம் முழுக்க இந்த ஒரு முழங்காலிலை போகுது. இப்பிடியே கெந்தித் திரிஞ்சால் இன்னும் ரெண்டு மாரி தாங்காது. பேந்து இருந்த இடத்திலை இருக்க வேண்டியதுதான். விளங்குதோ?"

விளங்கியது. திரும்பி வருகிற வழி முழுக்க அதையே கணக்குப் பார்த்தேன். செய்த காலைத் தேயாமல் பார்த்துப் பார்த்து, பிறந்த காலைத் தேய்த்திருக்கிறேன். ஒன்று பழுதானால் பட்டறை திருத்தித் தரும். மற்றதைத் திருத்த வன்னியில் ஆள் இல்லை. சவர்க்காரத்தில் காட்டுகிற கெட்டித்தனத்தைக் கொண்டுபோய் உடம்பில் காட்டியிருக்கிறேன். கார்த்திகையில் களை. அதற்குள் இந்த முழங்கால் அடங்க வேண்டும், நான் நிரையில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் இனி ஒருநாளும் இறங்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்து, வேட்டித் துண்டை உருவி எறிந்துவிட்டுக் காலைப் போட்டேன். அன்றைக்கே அதன் குணம் தெரிந்தது. அந்த முழங்கால் கதிரையில் இருக்கிற அளவுக்கு மடியும். அதற்கு மேல் மடியாது. பட்டறையில் கதிரையில் இருந்துதான் போட்டுப் பார்ப்போம், சீமெந்து நிலத்தில்தான் நடந்து காட்டுவோம். எங்கள் வீட்டில் கதிரை வருகிற ஆட்களுக்கு. சோறு தின்ன, அடுப்பு மூட்ட, தேங்காய் திருவ, எல்லாத்துக்கும் நாங்கள் கீழேதான் இருப்போம். களை பிடுங்கிறதும் குந்தியிருந்துதான். குனிந்து நின்று இழுத்தால் வேர் அறுந்து நிலத்துக்குள் நின்றுவிடும். நான் பலத்தை எல்லாம் கொடுத்து மடித்தேன். நாலாம் நாள் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் றப்பர் வட்டம் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

அதை லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு பட்டறைக்குப் போனேன். அது எல்லோரும் வருகிற நாள். வாங்கு நிறையப் பெண்கள். தம்பி துண்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது எப்பிடியம்மா? நீங்கள் ஏதோ பிழையாப் பாவிச்சிருக்கிறியள்."

"பாவிச்சதுதான் பிழை போலை கிடக்கு."

"பகிடி விடாதேங்கோ. உங்கடை றப்பர்தான் இருக்கிறதுக்குள்ளை திறம். இதைப் பாத்துத்தான் நான் எழுதி அனுப்பினனான், எங்கடை குருத்துத் தேயாது எண்டு. அங்காலைப் பட்டறைக்காரர் தங்களுக்கும் வேணுமெண்டு கேட்க, அதே மாதிரி வெட்டி வைச்சிருக்கிறன்." மேசைக்குக் கீழே ஒரு பெட்டியை இழுத்துக் காட்டினார். பெட்டி நிறைய கறுப்பு வட்டங்கள். இரண்டு நாளில் லொறியில் போக இருந்தது.

பிழையாகப் பாவித்துவிட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு வேறு ஒரு வட்டத்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அதுதான் மரியாதைக்குச் சுகம். ஆனால் அந்த வட்டத்தோடு நான் நிரையில் இறங்க ஏலாது. பெட்டியில் இருக்கிற வட்டத்தோடு ஒருத்தியும் இறங்க ஏலாது.

"தம்பி, நான் பொய் சொன்னனான்" என்றேன். "நான் காலைப் போடேல்லை. அலுமாரிக்குள்ளை வைச்சிருந்தனான். இஞ்சை வாற நாளிலைதான் போட்டுக்கொண்டு வாறனான். தேயேல்லை எண்டு நீர் தூக்கிக் காட்டினது பாவியாத றப்பர். பாவிச்ச றப்பர் உம்மடை கையிலை கிடக்கிறது. நாலு நாள்."

அவர் மெதுவாக வாங்குப் பக்கம் திரும்பினார்.

"மற்ற ஆக்கள்?"

ஒருத்தி தன்னுடைய காலைப் பார்த்தாள். இன்னொருத்தி சீலைத் தலைப்பைச் சுருட்டினாள். கடைசியில் இருந்த ஒருத்திக்குச் சிரிப்பு அடக்க ஏலாமல் வந்துவிட்டது. "என்ரை பரணிலை கிடந்தது தம்பி. எலி கடிக்கக் கூடாதெண்டு சாக்குக்குள்ளை போட்டு வைச்சனான்" என்றாள். அதோடு எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். பெட்டகம், பரண், சாமி அறை. ஒருத்தி மகளின் கலியாணம் வரைக்கும் புதிசாக இருக்கட்டும் என்று வைத்திருந்தாள்.

தம்பி சிரிக்கவில்லை. முகம் கறுத்துப்போனது. "ஒரு வருசமா அளந்து எழுதினனான்" என்றார். "ஒரு வருசம்! நான் அலுமாரியையெல்லோ அளந்திருக்கிறன். என்னை விசரனாக்கிப்போட்டியள்."

"விசரன் நீர் இல்லை. நாங்கள்தான். எண்டாலும் ஒண்டு சொல்லுறன், கேளும். உமக்கு முழங்கால் கடவுள் தந்தது கிடக்கு. எனக்கு நீர் தந்தது. உம்மடை முழங்கால் மடியிற மாதிரி என்ரையும் மடியவேணும். நீர் கதிரைக்குச் செய்திருக்கிறீர். எங்களிலை எத்தினை பேரிட்டைக் கதிரை கிடக்கு?"

அவர் துண்டுகளை மேசையில் போட்டுவிட்டு எழும்பி உள்ளே போனார். கோவித்துக்கொண்டுதான் போனார் என்று நினைத்தேன். வெளிக்கிட்டுப் போகிறபோது பார்த்தால், அந்தப் பெட்டியில் இருந்த வட்டங்களைப் பழைய ரயர் குவியலில் கொட்டிக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் எங்கள் வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டது. அவர்தான். மனுசன் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"கதிரை வேண்டாம்" என்றேன். "தம்பி, கீழை இரும்."

இருந்தார். நான் திருவலையில் இருந்து தேங்காய் திருவிக் காட்டினேன். அடுப்பு ஊதிக் காட்டினேன். முற்றத்தில் குந்தியிருந்து, வலது காலைக் குத்தி, செய்த இடது முழங்காலை மடிகிற அளவுக்கு மடித்து நிலத்தில் ஊன்றி, களை பிடுங்கிற மாதிரி முன்னுக்கு அரக்கி நகர்ந்து காட்டினேன். அவர் நிலத்தில் கரிக்கட்டியால் கோடு போட்டு, நூல் பிடித்து, மடிப்பை அளந்தார்.

"இவ்வளவு மடிஞ்சால் றப்பர் நசிஞ்சு போகும் அம்மா. வேறை சாமான் வேணும்."

"செய்து பாரும். நான் போட்டு உடைச்சுத் தாறன்."

அதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அதே வேலையாக இருந்தோம். அவர் செய்வார், நான் உடைப்பேன். இரும்புப் பட்டையின் பின்பக்கத்தை வெட்டிக் குதி தொடையில் முட்டுகிற அளவுக்கு மடிய விட்டார். ஆனால் குருத்துத்தான் நிற்கவில்லை. ரியூபை அடுக்கி ஒட்டினார். வயல் வெயிலில் பசை இளகி, மடிக்க மடிக்கப் பிதுங்கி வெளியே வந்தது. தோலை எண்ணெயில் ஊறவைத்து வெட்டினார். சேற்றுத் தண்ணி பட்டதும் ஊதி, மடித்த கால் நீள மாட்டேன் என்றது. நான் வாய்க்காலுக்குள் மடிந்தபடி விழுந்து கிடக்க, என் சிநேகிதிதான் வந்து தூக்கினாள்.

"அக்கா, இது காலா, இல்ல மடக்குக் கத்தியா?"

"தூக்கிறது எண்டால் தூக்கு. பறையாதை."

"எதுக்குக்கா இந்தப் பாடு? நிரைய நான் பாத்துக்கறேன். நீங்க வரம்புல இருந்து அதட்டுங்க, போதும்."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு அது அடித்த மாதிரி இருந்தது. "உன்ரை முழங்காலை நீ பார். என்ரையை நான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுச் சேற்றோடு நடந்து வந்தேன். ஆனால் நடந்துதான் வந்தேன். ஒரு மாதத்துக்கு மேலாகக் கெந்தவில்லை. வலது முழங்காலில் வீக்கம் வற்றிக்கொண்டு வந்தது.

ஐப்பசி பிறந்து, விதைப்பு முடிந்தது. ஒருநாள் நெல்லுக் குத்துகிற மில்லில் சாக்கோடு காத்துக்கொண்டு நின்றேன். மில்லின் பெல்ற் சுற்றிக்கொண்டு இருந்தது. சில்லில் ஏறி, மடிந்து, இறங்கி, திரும்ப ஏறி, மடிந்து. நாள் முழுக்க, வருசம் முழுக்க அதுதான் அதற்கு வேலை. நான் அரிசியை மறந்துபோய் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அது ஏன் பிரியேல்லை?" என்று மில்காரரைக் கேட்டேன்.

"உள்ளுக்குத் துணி வைச்ச றப்பர். அதுதான்."

"பழைய பெல்ற் துண்டு கிடக்கோ?"

"கிடக்கு. தரமாட்டன். இது அறுந்தால் ஒட்டுப்போட அதுதான் இருக்கு. புதுசு எங்கை வாங்கிறது?"

"ஒரு சாண் போதும். தந்தால், களைக்கு எங்கடை ஆக்கள் முதல் இறங்கிறது உங்கடை வயலிலைதான்."

அந்த வருசம் களைக்கு ஆள் பிடிப்பது பெரும்பாடு. அவர் யோசித்தார். "ஆர் கொண்டு வாறது? உன்ரை சிநேகிதியோ?"

"நான்."

அவர் என் காலைப் பார்த்தார். "நீயோ?"

"வரம்போரத்து நிரையிலை நான் நிப்பன். நிக்காட்டி உங்கடை பெல்ற் துண்டைத் திருப்பிக் கொண்டுவந்து தாறன்."

சிரித்துக்கொண்டு வெட்டித் தந்தார். தம்பி அதைக் கண்டதும் மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்தார், மடித்தார், பல்லால் கடித்துக்கூடப் பார்த்தார். "இது என்ரை கண்ணுக்கு முன்னாலை எத்தினை நாள் சுத்தினது" என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டார். மூன்று வட்டம் வெட்டி, துணி ஒன்றுக்கொன்று குறுக்காக வருகிற மாதிரி அடுக்கி, ஆணியை இறுக்கினார். நான் அங்கேயே நிலத்தில் இருந்தேன், எழும்பினேன், இருந்தேன். எத்தனை தரம் என்று தெரியாது. காணும், போதும் என்று அவர் சொல்லுகிற வரைக்கும்.

கார்த்திகையில் நெல் ஒரு சாண் வளர்ந்து, களை அதை முந்தி நின்றது. மில்காரரின் வயலுக்கு விடியப் போனோம். அவரும் வரம்பில் வந்து நின்றார், கொடுத்த பெல்ற் துண்டைத் திருப்பி வாங்க வந்த ஆள் மாதிரி. என் சிநேகிதி வரம்போரத்து நிரையை விட்டு அடுத்த நிரைக்குத் தள்ளி நின்றாள். ஒரு கதையும் இல்லை, பகிடியும் இல்லை. அதுவே எனக்குப் பயத்தைத் தந்தது.

சேறு நான் நினைத்ததைவிட ஆழம். முதல் அடியிலேயே செய்த கால் புதைந்து, இழுக்க வரவில்லை. இழுத்தால் வலது முழங்காலில் பாரம். அதைத்தான் செய்யக் கூடாது. அந்த இடத்திலேயே இடது முழங்காலை மடித்துச் சேற்றில் ஊன்றினேன். மடிந்தது. தொடையைக் குதி தொட்டது. ஊன்றத் தேவையில்லாமல் இரண்டு கையும் எனக்கு மிச்சமாக இருந்தது. பிடுங்கினேன்.

ஊன்றி, பிடுங்கி, அரக்கி, திரும்ப ஊன்றி. துண்டுக்கால் வாருக்குள் எரிந்தது. பாதி வயல் போக, மற்ற நிரைகள் என்னை விட்டு முன்னே போய்விட்டன. என் வேகத்தில் போக ஆட்கள் காத்திருக்கவில்லை, நான் காத்திருக்கச் சொல்லவும் இல்லை. பார்த்தால் என் நிரையில் கொஞ்சத் தூரத்துக்குக் களையே இல்லை. என் சிநேகிதி தன்னுடைய நிரையில் இருந்து கையை நீட்டி என்னுடையதையும் பிடுங்கிக்கொண்டு போகிறாள்.

"ஏய்! என்ரை நிரையிலை கை வையாதை!"

"அக்கா, கொஞ்சம்தானே..."

"கொஞ்சமும் வேண்டாம். பிடுங்கினதைத் திருப்பி நடு!"

வயல் முழுக்கச் சிரிப்பு. அவளும் சேற்றில் இருந்தபடியே வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். "நட்டாலும் நடுவேன், இந்த வாய்க்குப் பயந்து" என்றாள். ஆனால் கையை எடுத்துவிட்டாள்.

அங்கால் வரம்புக்கு நான் கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தேன். மற்ற ஆட்கள் போய், நிமிர்ந்து, முதுகை நீட்டிக்கொண்டு நின்றார்கள். தேத்தண்ணிக் கேத்தல் வரம்பில் இருந்தது. ஒருத்தியும் ஊற்றவில்லை. நான் கடைசிக் களையைப் பிடுங்கி, உதறி, வரம்பில் எறிந்துவிட்டு நிமிர்ந்தேன். அதற்குப் பிறகுதான் என் சிநேகிதி கேத்தலைத் தூக்கினாள். எனக்குக் கண் கலங்கியது உண்மை. வேர்வை என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த வயல் மூன்று நாள் பிடித்தது. வலது முழங்கால் நொந்தது, ஆனால் வீங்கவில்லை. பிறகு டொக்டரும் பார்த்துவிட்டு, "தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான், இனித் தேயாமல் பாருங்கோ" என்று மட்டும் சொன்னார். அது எனக்குக் காணும்.

மூன்றாம் நாள் மத்தியானம் தம்பி சைக்கிளில் வந்தார். சாவியும் அளவுகோலும் பையில் ஆடிக்கொண்டு வந்தது. வரம்பில் நின்று கூப்பிட்டார்.

"அம்மா, ஒருக்கால் வெளியிலை வாங்கோ. குருத்தைக் கழற்றிப் பாக்கவேணும். மூண்டு நாள் எண்டால் ஏதும் தெரியும்."

நான் அரைவாசி வயலில், முழங்கால் மட்டும் சேற்றுக்குள் இருந்தேன். என் நிரையில் இன்னும் நாலு பாகத் தூரம் கிடந்தது.

"இப்ப ஏலாது" என்றேன். "வேலை கிடக்கு. இரும்."

அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, வரம்பில் குந்தினார். அவருக்கு யாரோ தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள்.